பொன்வயல் படகில் குறட்டை விடும் பொம்மை

பொம்மைகளின் சக்கரவர்த்தியும், குழாய் மழைக்கும் மின்விசிறிப் புயலுக்கும் அதிபதியும், என் ஒரே மகனுமாகிய உனக்கு, உன் தகப்பன் கோபத்தோடு எழுதுவது.

சாதாரணக் கோபம் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு உன் தீம் பார்க்கிலிருந்து நீடாமங்கலம் வரை பேருந்தில் நின்றபடியே வந்தேன். என் பக்கத்தில் நின்ற நாலு பேர் வெக்கை தாங்காமல் வழியிலேயே இறங்கிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தேன், தண்ணீர் தளதளவென்று கொதித்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். "குளிக்க வெச்ச வெந்நி அது. கீழ வைங்க மொதல்ல" என்றாள். ஒரு மனிதனை அவன் கோபத்தின் முழு உயரத்துக்கும் நிற்கவிட மாட்டாள். ஆனால் வெந்நீரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் என் கோபத்தில் பாதிக்குமேல் மிஞ்சும். அந்தப் பாதிதான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை, பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. ஊர் முழுக்கச் சொன்ன ஒரு பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்த முடியாது.

நீதானே என்னைப் போகச் சொன்னாய்? "அப்பா, ஒரு தடவ போய் உக்காந்து பாருங்க. ஜனங்க பாதியிலயே போன எடுத்துடறாங்க. கதை நிக்கமாட்டேங்குது. பொங்கல் லீவுக்குள்ள மாத்திக் காட்டுன்னு மேல சொல்லிட்டாங்க. டெல்டாக்காரரா பாத்துக் குறை சொல்லுங்க" என்றாய். ஏழு வருஷம் துபாயில் டைனோசருக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தவன், தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு இருட்டுக் கொட்டகைக்குள் 'பொன்வயல்' என்ற பெயரில் நம் ஊரையே கட்டிவிட்டேன் என்கிறான், படகில் உட்கார்ந்தால் பன்னிரண்டு நிமிஷத்தில் காவிரிப் பாசனம் முழுவதையும் சுற்றிக் காட்டிவிடுவேன் என்கிறான். பெருமையில் எனக்குச் சட்டைப் பொத்தான் தெறித்தது. இஸ்திரி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

குறை கேட்டாய் அல்லவா, வாங்கிக்கொள். நம் வாய்க்காலில் பரிசலை விட்டவன் எவன்? பரிசல் ஒகேனக்கல் பக்கத்துச் சமாசாரம். நம் ஊர் வாய்க்காலில் அதை இறக்கினால் இரண்டு கரையிலும் இடித்து நடுவில் தக்கையாக மாட்டிக்கொள்ளும். வயலில் ஒன்பது ஆம்பிளைப் பொம்மைகள் நாற்று நடுகின்றன, அதுவும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கொடியேற்றத்துக்கு நிற்கிற போலீஸ்காரர்கள் மாதிரி. நம் பக்கத்தில் நடவு யார் கை வேலை என்று உனக்குத் தெரியாதா? நட்டு முடித்த பொம்பிளைகள் நிமிர்வதற்கே கால் நாழிகை ஆகுமே, அது தெரியாதா? காற்றில் மல்லிகை வாசனை அடிக்கிறாய். தழையுரம் அழுகி நாறுகிற சேற்றில் ஏதடா மல்லிகை? புல்லாங்குழல் வேறு. நான் பிறந்ததிலிருந்து என் வயலில் கேட்ட ஒரே சங்கீதம் ஆயில் இன்ஜின்தான். அப்புறம் தண்ணீர். எங்கே பார்த்தாலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். கடைமடைக்காரன் ஒருத்தன் உள்ளே வந்தால் பிரமித்துப்போய் அங்கேயே விதைத்துவிடுவான். வாய்க்காலின் கடைசி வாயில் இருக்கிற நமக்கு எந்த வருஷமடா கேட்காமல் தண்ணீர் வந்தது? ஜனங்கள் ஏன் போனை எடுக்கிறார்கள் என்று கேட்டாயே, உன் கதையில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அதனால்தான். எல்லாம் நிறைந்து கிடக்கிற இடத்தில் என்னத்தைப் பார்ப்பது?

இதெல்லாம் சில்லறைக் கோபம். நாலாவது வளைவுக்குப் பரிசல் திரும்பியதும் எனக்கு ரத்தம் சுண்டிப்போனது. லாரி அளவு நண்டு ஒன்று, சிவப்பு விளக்குக் கண்களோடு, வரப்பைக் கொடுக்கால் பிளக்கிறது. தண்ணீர் பீய்ச்சி எல்லார் மேலும் அடிக்கிறது. வரப்பின் மேல் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்து தூங்குகிறான். வயிறு ஏறி இறங்க உள்ளே மோட்டார், குறட்டைக்கு ஸ்பீக்கர். கக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு.

அது நான் சொன்ன கதை. நீ சோறு தின்ன மறுத்தபோதெல்லாம் சொன்னது. நீ பிறப்பதற்கு நாலைந்து வருஷம் முன்னால், பக்கத்து வயல் தங்கராசு வரப்பில் தூங்கிவிட்டான், நண்டு வந்து வரப்பை உடைத்துவிட்டது, அவன் தண்ணீரெல்லாம் வடிந்துபோனது, நான் ஒற்றை ஆளாக நண்டோடு மல்லுக்கட்டினேன் என்பது கதை. நீ பால்வாடிக்குப் போகும்போது நண்டு தேங்காய் அளவு இருந்தது. மூன்றாம் வகுப்பில் மரக்கால் அளவு. பத்தாம் வகுப்புக்கு வந்தபோது டிராக்டரைத் தூக்கிப் போட்டது. உன் மேல் தப்பில்லை, நான் எந்த இடத்தில் விட்டேனோ அங்கிருந்து நீ வளர்த்திருக்கிறாய். லாரி அளவு என்பது நம் குடும்ப மரபுப்படி நியாயமான வளர்ச்சிதான்.

ஆனால் அன்றைக்கு அந்தப் பரிசலில் என் எதிரே யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? எட்டுப் பேர் வட்டமாக உட்காரும் படகு. ஐந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களைச் சுற்றுலா கூட்டிவந்த டீச்சர் வளர்மதி, துணைக்கு வந்த அவள் அப்பா, எட்டாவதாக நான். அவள் அப்பாதான் தங்கராசு. அந்தத் தங்கராசேதான். ஏறும்போதே "வாங்கய்யா, நீங்களும் வந்திருக்கீங்களா" என்று நகர்ந்து இடம் விட்டார். அவர் என்று எழுதுகிறேன், கவனித்தாயா? எனக்கும் அவருக்கும் ஒரே வயது. இத்தனை வருஷமும் அவர் என்னை "வாங்கய்யா" என்றார், நான் அவரை "வாடா" என்றேன். அதில் கோணலாக ஏதாவது இருக்கிறதென்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நேராக அந்த வளைவில் வந்து உன் படகு நின்றுபோனது. ஏதோ பழுது. "அமைதியாக அமர்ந்திருக்கவும்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. தண்ணீர் நின்றது, நண்டு நின்றது, குறட்டை மட்டும் நிற்கவில்லை.

"மிஸ், இந்தத் தூங்குமூஞ்சி மாமா எப்ப எழுந்திரிப்பாரு?" என்றது ஒரு பெண் பிள்ளை.

"எழுந்திரிக்க மாட்டாரும்மா. பொம்மை அது."

"நண்டு கடிச்சாக்கூடவா மிஸ்?"

ஐந்து பிள்ளைகளும் பொம்மையோடு சேர்ந்து குறட்டை விட ஆரம்பித்தன. தங்கராசு பொம்மையைப் பார்த்தார். கக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செருப்பக்கூட விடாம வெச்சிருக்காரே ஒங்க வீட்டுத் தம்பி. நல்ல ஞாபகம்."

"சின்னப் பய, ஏதோ வேடிக்கைக்கு..." என்றேன்.

"நண்டு பெருசா இருக்குங்கய்யா."

"ஆமா."

"நண்டு வளை உருண்டையால்ல இருக்கும்? அன்னிக்கு நம்ம வரப்பு நேரா வெட்டியிருந்துச்சு. ஒரு மம்புட்டி அகலம்."

கோபமாகச் சொல்லவில்லை. உரம் எத்தனை மூட்டை போட்டீர்கள் என்று கேட்கிற குரல். "அப்பா, விடுங்க. பிள்ளைங்க இருக்கு" என்றாள் வளர்மதி. அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். படகு கிளம்பியது. மிச்ச நாலு வளைவில் நீ என்னென்ன வைத்திருக்கிறாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

இப்போது கேள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்து விட்டார்கள், இன்றைக்கு இவன் வயல், நாளைக்கு அவன் வயல் என்று. அவர் வயல் எனக்கு மேலே. கும்பகோணத்தில் இருந்த ஒருவரின் நிலத்தை அவர் அந்த வருஷம்தான் முதல்முதலாகக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். அவர் குடும்பத்தில் அதுவரை யாரும் தன் பெயருக்குப் பயிர் வைத்ததில்லை, எல்லாம் எங்கள் வயல்களில் கூலி வேலை. "இவனுவோ கையில வெள்ளாமை உருப்படுமா?" என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அவர் முறை நாளில் அவர் வயல் நிறைந்து நின்றது, என் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் முறை மறுநாள்தான். ஒரு நாள் பொறுத்திருந்தால் எதுவும் குடிமுழுகிப் போயிருக்காது. உச்சி வேளை, சுற்றிலும் ஆளில்லை. மண்வெட்டியை எடுத்தேன், அவர் வரப்பை வெட்டினேன். அவர் தண்ணீர் என் வயலுக்கு இறங்கியது.

அதோடு நின்றேனா? நான் யார்! வெட்டிய வாயைக் காலால் மிதித்துக் கலைத்தேன். வாய்க்காலில் ஒரு நண்டைத் தேடிப் பிடித்து, உடைப்பின் மேல் கொண்டுவந்து விட்டேன். அப்புறம்தான் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டினேன். "தூங்கிட்டான்யா தங்கராசு! வரப்புல படுத்துத் தூங்கிட்டான்! நண்டுக்குத் தின்னக் குடுத்துட்டான்!" ஆள் அங்கே இல்லையே என்று எவனும் கேட்கவில்லை, ஊர் சிரித்தது. நீ துபாயில் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றும் புதிதில்லை தம்பி. இந்தத் தாலுகாவில் முதல் தீம் பார்க்கைக் கட்டியவன் நான். ஒரு வரப்பு, ஒரு நண்டு, ஒரு கதை. கட்டணம் தங்கராசு கொடுத்தார்.

அடுத்த முறை அவருக்கு வரவே இல்லை, அதற்குள் வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். பயிர் காய்ந்தது. நிலத்துக்காரர் காதுக்குக் கதை போனது. வரப்பு காக்கத் தெரியாதவனிடம் எப்படி நிலத்தை விடுவது என்று குத்தகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தங்கராசு அதற்குப் பிறகு இருபது வருஷம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அவர் தெருவில் வேறு யார் குத்தகை கேட்டுப் போனாலும் "தூங்குறதுக்கா?" என்று கேட்டார்கள். நான் ஊரில் பெரிய கதைசொல்லி ஆனேன்.

அந்தச் செருப்பு. நீ அதைச் சிரிப்புக்கு வைத்தாய். நான் கதையில் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன், கக்கத்தில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு தூங்கினான் என்று. அது ஏன் அவர் கக்கத்தில் இருந்தது என்று நீ ஒரு தரமும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் தெரு வழியாகத்தான் அவர் வயலுக்குப் போக வேண்டும். நம் தெருவில் அவர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. அவ்வளவுதான் அதில் உள்ள நகைச்சுவை.

உன் பார்க்கிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன். இவ்வளவையும் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தத் தூங்குகிற பொம்மையை மட்டும் எடுத்துவிடு என்றேன். நீ சொன்னாயே ஒரு பதில்!

"அப்பா, மொத்த ரைடுலயும் ஜனங்க சிரிக்கிற ஒரே சீன் அதுதான். அத எப்படி எடுக்கறது? இன்னும் சொல்லப்போனா, புதுக் கதையில அவர்தான் ஹீரோ. எல்லா வளைவுலயும் தூங்கிட்டே இருப்பாரு. வாசல்ல பெரிசா ஒண்ணு வைக்கப் போறோம், பிள்ளைங்க மடியில உக்காந்து போட்டோ எடுத்துக்கலாம். தொப்பி, டீ சர்ட்டு எல்லாம் வருது."

"யாரக் கேட்டுடா செய்யறே?"

"நீங்க சொன்ன கதைதானேப்பா?"

வாசலில் பனைமர உயரத்துக்கு ஒரு தங்கராசு, மடியில் ஊர்ப் பிள்ளைகள்! அவர் மகள் அதே பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வேண்டும். நான் உடைத்தது ஒரு வரப்பை. நீ ஒரு மனிதனின் பெயரைக் கான்கிரீட்டில் ஊற்றி நிறுத்தப் போகிறாய். எனக்கு வந்த கோபத்தில் போனை முறத்தில் வீசினேன். உளுந்து சிதறியது. உன் அம்மா பொறுக்கி எடுத்தாள். பொறுக்கி முடித்துவிட்டு, "இப்பவாச்சும் முழுசா எழுதிப் போடுங்க" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் போலிருக்கிறது.

எழுதினேன். உனக்கு ஒரு புதுக் கதையையும் தயார் செய்தேன். பார், எவ்வளவு நேர்த்தி: பரிசலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தட்டைப் படகு வை. முதல் வளைவில் தளும்புகிற தண்ணீர் வளைவுக்கு வளைவு இறங்க வேண்டும். கடைமடைக்கு வரும்போது படகு தரையில் உரசி நின்றுவிட வேண்டும். பழுது என்று நினைத்து ஜனங்கள் திட்டட்டும். நிற்க வை. காத்திருக்க வை. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால்தான் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும். எவனும் போனைத் தொட மாட்டான், எப்போது கிளம்பும் என்று எட்டிப் பார்ப்பான். அந்த நேரத்தில் விளக்கைப் போடு. மண்வெட்டியோடு ஒருவன், வரப்பை வெட்டிக்கொண்டு. அவனுக்கு என் முகத்தை வை. மூக்கு, மீசை, இடது கன்னத்து மச்சம் ஒன்று விடாமல். நாடே வந்து காறித் துப்பட்டும். துப்புவதற்கு இரண்டு உண்டியலும் வை, இடதும் வலதும்.

இதை எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நீடாமங்கலத்தில் மகளோடுதான் இருக்கிறார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். வளர்மதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று நின்று பார்த்தாள். குடித்தேன். பிறகு கடிதத்தை அந்த உண்டியல் வரிவரை வாசித்துக் காட்டினேன். சில இடங்களில் என் குரல் தழுதழுத்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கையைப் பிடித்துக்கொள்வார் என்றுகூட நினைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "ஆனா இதுல நான் எங்க?"

"முழுக்க உங்களப் பத்தித்தானே எழுதியிருக்கேன்?"

"இல்லீங்க. முன்னாடி கதையில நான் தூங்கினேன். இப்ப நான் பாவம். ரெண்டுலயும் வேலை பாக்குறது நீங்கதான்."

அய்யா என்று சொல்லவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

"ஒங்க மூஞ்சி வாணாம்," என்றாள் வளர்மதி. "அத வெச்சா அதுவும் ஒங்க பேருல இன்னொரு கதையாத்தான் சுத்தும். ஒங்களுக்கு அதுவும் புடிச்சிடும் சார்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் பேசுகிற பேச்சா? எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அப்போது தங்கராசு கேட்டார்: "அன்னிக்கு உச்சி வேளையில நான் எங்க இருந்தேன்னு இன்னிவரைக்கும் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் நண்டை அத்தனை பெரிதாக வளர்க்கத் தெரிந்த எனக்கு, இந்த ஒரு கேள்வி தோன்றியதில்லை.

"ஒரு மைலு மேல, வாய்க்காலுக்குள்ள நின்னேன். நெஞ்சு மட்டும் சேறு. ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டுத் தண்ணி எறங்கல. காலையிலேந்து நின்னு இழுத்துப் போட்டேன். அதுக்கப்புறந்தான் நம்ம பக்கம் தண்ணி வேகமா வந்துச்சு. மறுநா ஒங்க மொறைன்னு தெரியும். ஒங்களுக்கும் சேத்துத்தான் இழுத்தேன்."

தம்பி, இதற்கு நான் என்ன சொல்ல? நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் இப்படி நடந்தது அதுவே முதல் தரம்.

அவர்தான் பேசினார். "படகு தட்டி நிக்கிறது நல்லா இருக்கு. அத மட்டும் வைக்கச் சொல்லுங்க. நண்டு வாணாம், வெட்டுறதும் வாணாம். படகு நின்னதும், பக்கத்துல வாய்க்காலுக்குள்ள ஒரு ஆளு தாமரையை இழுக்கட்டும். இழுத்ததும் தண்ணி வரட்டும், படகு கெளம்பட்டும். கண்ணு தொறந்திருக்கணும்." நீயும் உன் ஆட்களும் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பன்னிரண்டு நிமிஷக் கதை, அவர் டீ ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. அதுவும் எனக்குக் கோபம்தான். நான் பத்துப் பக்கம் எழுதியிருந்தேன்.

வாசலில் வைக்கப்போகிற அந்தப் பெரிய பொம்மையை நிறுத்து. தொப்பியும் டீ சர்ட்டும் அச்சாகியிருந்தால் கொளுத்து. மேலே இருப்பவர்கள் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் உன் வேலையை விட்டுவிட்டு வா. இந்த ஒரு வரியில் மிகை எதுவும் இல்லை, இரண்டு முறை படித்துப் பார்.

இன்னொன்று. ஆகாயத்தாமரையை எப்படி இழுப்பது என்று பொம்மை செய்கிறவனுக்குத் தெரியாதாம். மேலே பிடித்தால் இலை கையோடு வந்துவிடும். அடியில் கைவிட்டு, வேரோடு சேர்த்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டித்தான் கரையேற்ற வேண்டுமாம். தானே வந்து செய்து காட்டுவதாகச் சொன்னார். வியாழக்கிழமை வளர்மதி பள்ளியில் லீவு போட்டுவிட்டு அவரை உன் பட்டறைக்குக் கூட்டிவருகிறாள். நீ வாசல்வரை வந்து "வாங்க" என்று சொல்லிக் கூப்பிடு. உட்கார நாற்காலி போடு. அவர் கையைப் பார்த்து, அவர் சொல்கிறபடி செய். நான் வரவில்லை. வந்தால் நடுவில் ஏதாவது சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

உன் அப்பா